.22 ரிம்ஃபயர் ரைஃபிள் மேகசின்களும் லோடர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது மேகசின் (தோட்டாக்களை வைத்து ரைஃபிளுக்குள் ஊட்டும் உறை) வாங்கியவர்களும், அதை நிரப்ப உதவும் லோடர் தேடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன் பதிலில் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அதன் எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறோம். உயிர்த்தோட்டாவை வைத்துச் செய்யும் எந்தச் சோதனையும் சுடுதளத்தில், குழல்வாய் இலக்குத் திசையில் இருக்க, கண்ணாடியும் காதுக்காப்பும் அணிந்து செய்ய வேண்டியது.

1. ரிம்ஃபயர் என்றால் என்ன? மேகசினுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கு அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் உட்புறத்தில்தான் தீமூட்டும் மருந்து இருக்கிறது. ரைஃபிளின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தோட்டா வெடிக்கிறது. இந்த வகையில் உலகமெங்கும் அதிகம் பயன்படுவது 1887இல் வந்த .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா.

அதன் கூடு சுமார் 5.7 மி.மீ. விட்டம், விளிம்பு சுமார் 7 மி.மீ. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய துருத்தல்தான் மேகசின் தொல்லைகளில் பாதிக்குக் காரணம். தீமூட்டும் மருந்து அடியின் நடுவில் இருக்கும், விளிம்பு வெளியே நீட்டாத சென்டர்ஃபயர் தோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும். ரிம்ஃபயர் தோட்டாக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, குண்டு பெரும்பாலும் மெழுகு பூசிய மெல்லிய ஈயம். எங்கே உரசினாலும் தடம் விழும், அழுக்கு சேரும்.

2. பெட்டி, சுழல், குழாய் என்று மூன்று வகை சொல்கிறார்கள். எது நல்லது?

பெட்டி மேகசினில் தோட்டாக்கள் அடுக்காக நிற்கும்; கீழே ஸ்பிரிங், அதன்மேல் தோட்டாவைத் தாங்கும் ஃபாலோயர். அமைப்பு எளிது, பிரிப்பதும் எளிது. ஆனால் விளிம்புகளின் வரிசையை நிரப்புகிறவர்தான் கவனிக்க வேண்டும். சுழல் மேகசினில் நடுவே பள்ளங்களுள்ள உருளை இருக்கும். ஒவ்வொரு தோட்டாவும் தனக்கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்வதால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டாது. 1964இல் வந்த ரூகர் 10/22இன் பத்துத் தோட்டா மேகசின் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். குழாய் மேகசின் குழலுக்கு அடியிலேயே பொருந்தியிருக்கும். தொலையாது, ஆனால் சட்டென்று மாற்றவும் முடியாது.

கோளாறில்லாமல் ஓடுவது மட்டுமே அளவுகோல் என்றால் பத்துத் தோட்டா சுழல் மேகசினை மிஞ்சுவது கடினம். பிரித்துச் சுத்தம் செய்வது பழக்கம், உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் பெட்டி மேகசின்.

3. ‘ரிம் லாக்’ என்கிறார்களே, அது என்ன?

அடுக்கில் மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது. போல்ட் (முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றும் பாகம்) மேல்தோட்டாவை முன்னால் தள்ளும்போது அதன் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்பில் முட்டும். ஒன்று இரண்டும் சேர்ந்து நகரும், அல்லது எதுவுமே நகராது.

விதி ஒன்றுதான்: மேலே போகும் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பெட்டி மேகசின்கள் சாய்வாகவோ வளைவாகவோ இருப்பதற்கு இதுவே காரணம். நிரப்பும்போது தோட்டாவை முன்பக்கமிருந்து உதட்டுக்கு (மேகசின் வாயின் மேல்மடிப்புக்கு) அடியில் நுழைத்து, பின்சுவரில் முட்டும்வரை தள்ளுங்கள். மேலிருந்து அமுக்கித் திணித்தால் வரிசை குலையும்.

4. புது மேகசின் வந்ததும் நேரே சுட்டுப் பார்க்கலாமா?

ஐந்து நிமிடம் செலவழித்துக் கையால் பார்த்துவிடுங்கள். முதலில் உதடுகள்: மேல்தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அந்த இரு விளிம்புகளும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் அச்சில் வார்த்தபோது மிஞ்சிய பிசிறு இருக்கும். எஃகு என்றால் கூரான ஓரம். நகத்தால் தடவினாலே தெரியும். அடுத்து ஃபாலோயரை ஒரு மரக்குச்சியால் அடிவரை அழுத்தி மெல்ல விடுங்கள். எங்கும் நிற்காமல், ஒரு பக்கம் சாயாமல் மேலே வர வேண்டும். நடுவில் தயங்கினால் தோட்டா போட்ட பின்னும் அதே இடத்தில் தயங்கும்.

பிறகு, ரைஃபிள் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, வெறும் மேகசினைப் பொருத்துங்கள். கொக்கி ‘டக்’ என்று விழ வேண்டும். கீழே இழுத்தால் வரக்கூடாது. பக்கவாட்டில் சிறிது ஆடினால் பரவாயில்லை, மேலும் கீழும் ஆடினால் கவனியுங்கள். மேகசின் சற்றே தாழ்ந்து உட்கார்ந்தால் போல்ட் தோட்டாவின் தலைக்கு மேலே வழுக்கிப் போய்விடும். கடைசியாக, மேகசினுக்கு ஒரு எண் எழுதுங்கள். எண் இல்லாத மூன்று மேகசின்களில் எது தொல்லை தருகிறது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

5. வீட்டிலேயே தோட்டா போட்டு போல்ட்டை இழுத்து விட்டுப் பார்த்தால் என்ன?

உயிர்த்தோட்டாவோடு வேண்டவே வேண்டாம். ஊசி தொடாமலேகூட, மாட்டிக்கொண்ட தோட்டாவின் விளிம்பைப் போல்ட் நசுக்கினால் அது வெடிக்கலாம். மருந்து இருப்பதே அங்கேதான்.

வீட்டுச் சோதனைக்கு மருந்தில்லாத டம்மி தோட்டா உண்டு. அலுமினியத்தில் வருபவை மேலானவை. பிளாஸ்டிக் விளிம்பு சில தடவையிலேயே கிழிந்துவிடும். உயிர்த்தோட்டாவிலிருந்து நிறத்தால் தெளிவாக வேறுபடுவதை வாங்குங்கள். டம்மி இருக்கும் மேசையில் உயிர்த்தோட்டா இருக்கக் கூடாது. ஒன்றை நினைவில் வையுங்கள்: டம்மிக்கு எடை குறைவு, மெழுகும் கிடையாது. டம்மியில் தோற்ற மேகசினில் ஏதோ கோளாறு உண்டு. டம்மியில் ஓடியதாலேயே சுடும்போதும் ஓடும் என்று சொல்ல முடியாது.

6. எத்தனை தோட்டா சுட்டால் ஒரு மேகசினை நம்பலாம்?

படிப்படியாகப் போங்கள். முதலில் ஒரே ஒரு தோட்டா. பிறகு இரண்டு, பிறகு ஐந்து, அதன்பின் நிறைய. ஒன்று போட்டு ஓடாவிட்டால் ஸ்பிரிங்கின் மேல்முனை விசையையோ உதட்டையோ சந்தேகிக்கலாம். நிறையப் போடும்போது முதல் தோட்டா மட்டும் தகராறு செய்தால் அழுத்தம் அதிகம். இந்த வேறுபாடு, நேரே பத்தைப் போட்டுச் சுடுகிறவருக்குக் கிடைக்காது.

அதன்பின், ஏற்கெனவே நன்றாக ஓடும் தோட்டா வகை ஒன்றையே வைத்துக்கொண்டு, பத்து முறை நிறைய நிரப்பிச் சுடுங்கள். ஒவ்வொரு தடங்கலுக்கும் மூன்று விவரம் எழுதுங்கள்: மேகசின் எண், எத்தனையாவது தோட்டா, என்ன நடந்தது. எப்போதும் எட்டாவதில் நிற்கிறதென்றால் அது மேகசின். எங்கு வேண்டுமானாலும் நிற்கிறதென்றால் தோட்டாவையோ ரைஃபிளையோ பாருங்கள். எல்லா மேகசினிலும் நிற்கிறதென்றால் மேகசினைக் குறை சொல்லாதீர்கள். மேகசின், லோடர், தோட்டா மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதையும் அறிந்துகொள்ள முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

7. நூறு தோட்டா போடுவதற்குள் கட்டைவிரல் வலிக்கிறது. எந்த லோடர் வாங்கலாம்?

மேகசினைப் பொறுத்தது. ஃபாலோயரை இறக்கும் பொத்தான் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி மேகசினுக்கு, அந்தப் பொத்தானைப் பிடித்துக் கீழே இழுக்கும் சிறு பிளாஸ்டிக் தொப்பியே போதும். விலையும் குறைவு, கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. பொத்தான் இல்லாத நீளப் பெட்டி மேகசினுக்கு, தோட்டாக்களை ஒரு தட்டில் கொட்டிக் குலுக்கி வரிசையாக்கி, நெம்புகோலால் ஒவ்வொன்றாகத் தள்ளும் வகை கிடைக்கும். சுழல் மேகசினுக்குக் கைப்பிடியைச் சுற்றி நிரப்பும் வகையும் உண்டு.

பத்துத் தோட்டா சுழல் மேகசினுக்கு லோடர் உண்மையில் அவசியமில்லை. விரலால் போட்டாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரே அமர்வில் பல நூறு சுடுகிறவர்களுக்கும், விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும், சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்கும்தான் லோடர் பெரிய உதவி. எந்த லோடராக இருந்தாலும் உங்கள் மேகசினின் பெயரும் மாதிரியும் அதன் பொருத்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எல்லா .22க்கும்’ என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

8. கையால் போட்டால் நன்றாக ஓடுகிறது. லோடரில் போட்டால் ஜாம் ஆகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இது. பொத்தானை ஒரேயடியாக அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களை உள்ளே கொட்டுகிறவர்கள் பலர். இழுத்த நிலையில் தோட்டாவுக்கு அடியில் தாங்கல் இல்லை. மூக்கு கவிழ்ந்து விழும், விளிம்பு முன்பின்னாக மாறும். பொத்தானை விட்டதும் அந்தக் குலைந்த வரிசை அப்படியே இறுகிவிடும். விளைவு, 3ஆம் பதிலில் சொன்ன ‘ரிம் லாக்’.

சரியான முறை: பொத்தானை ஒரு தோட்டாவின் கனத்துக்கு மட்டும் இறக்குங்கள், தோட்டாவை நுழையுங்கள், மீண்டும் ஒரு கனம் இறக்குங்கள். பாதி நிரம்பியதும் பக்கத் துளை வழியே பாருங்கள்; தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று இணையாக, மூக்கு சற்றே மேல்நோக்கி நிற்க வேண்டும். முடிந்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு முறை தட்டுங்கள். உள்ளங்கை போதும், மேசை விளிம்பில் தட்டக் கூடாது.

தட்டு வகையில் வேறொரு கோளாறு: தலைகீழாக விழுந்த தோட்டா. குலுக்கிய பின் ஒளியில் ஒரு பார்வை பார்த்து, திரும்பி நிற்பதை விரலால் எடுங்கள். நெம்புகோல் இறுகினால் பலத்தைக் கூட்டாமல் நிறுத்துங்கள். பலம் கொடுத்தால் குண்டு கூட்டிலிருந்து வளையும் அல்லது விளிம்பு நசுங்கும்.

9. குழாய் மேகசினுக்கும் லோடர் உண்டா?

உண்டு. பதினைந்து தோட்டா வரை பிடிக்கும் மெல்லிய குழாய்களில் முன்கூட்டியே அடுக்கி வைத்து, ரைஃபிளின் உட்குழாயை வெளியே இழுத்துவிட்டு, நுழைவாயில் சாய்த்து ஊற்றுவது. தோட்டாக்களின் மூக்கு எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் கவனம்.

பிடிக்க வேண்டிய இடம் குழல்வாய்க்கு அருகில் என்பதால், கை குழல்வாய்க்கு முன்னே வராதபடி ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். உட்குழாயின் பித்தளைச் சுவர் மெல்லியது. கீழே போட்டு ஒரு சின்ன நசுங்கல் விழுந்தாலும் ஃபாலோயர் அங்கே நின்றுவிடும்; அந்தக் குழாயை மாற்றுவதே வழி. காலி செய்யும்போது குழாயை இழுத்துத் தோட்டாக்களைக் கொட்டினால் மட்டும் போதாது. தோட்டாவை மேலே ஏற்றும் தூக்கியில் ஒன்றும், சேம்பரில் (சுடுவதற்குத் தோட்டா உட்காரும் குழலின் பின்முனையில்) ஒன்றும் மிச்சமிருக்கலாம். போல்ட்டைப் பலமுறை இயக்கிப் பாருங்கள்.

10. 25 தோட்டா மேகசினில் 25ம் போட வேண்டுமா?

முதலில், உங்கள் நாட்டுச் சட்டமும் சுடுதள விதியும் எத்தனை தோட்டா மேகசினை அனுமதிக்கின்றன என்று பாருங்கள். அனுமதி உண்டு என்றால், 25 போட்ட பின் மேல்தோட்டாவை விரலால் அழுத்துங்கள். சிறிதளவாவது கீழே இறங்க வேண்டும். கல்லாக நின்றால் ஒன்றிரண்டு குறைத்துப் போடுங்கள். போல்ட் மூடிய நிலையில் மேகசினைப் பொருத்தும்போது அந்த இடைவெளி தேவைப்படும்.

நீள மேகசினுக்கு இன்னொரு தொல்லை உண்டு, பலர் கவனிப்பதில்லை. மேசையில் ரைஃபிளைத் தாங்கிச் சுடும்போது மேகசினின் அடி மேசையில் ஊன்றும். ரைஃபிளின் எடை மேகசினை மேலே தள்ளும், அல்லது சாய்க்கும். தோட்டா கோணல் மாணலாக ஏறும். சோதனையில் இப்படி வந்தால் முன்தாங்கியை உயர்த்திவிட்டு மறுபடி சுட்டுப் பாருங்கள். மேசைச் சோதனைக்குப் பத்துத் தோட்டா மேகசின்தான் ஏற்றது.

11. ஒரு வகைத் தோட்டாவில் ஓடுகிறது, இன்னொரு வகையில் ஓடவில்லை. மேகசின் கெட்டதா?

பெரும்பாலும் இல்லை. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் தானியங்கி ரைஃபிளில் போல்ட்டைப் பின்னால் தள்ளுவது தோட்டாவின் விசைதான். 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) குண்டை நொடிக்குச் சுமார் 380 மீட்டரில் அனுப்பும் அதிவேக வகை பெரும்பாலான தானியங்கிகளை முழுதாக இயக்கும். 325 மீட்டர் அளவிலான சாதாரண வேக வகையில் போல்ட் பாதியிலேயே திரும்பிவிடலாம். அப்போது அடுத்த தோட்டா ஏறாது, பழி மேகசின்மேல் விழும். காலிக்கூடு எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பாருங்கள்; காலடியில் சோர்ந்து விழுந்தால் விசை போதவில்லை.

கையால் இயக்கும் போல்ட் ரைஃபிளில் இந்த வாதம் பொருந்தாது. அங்கே குண்டின் மூக்கு வடிவத்தைப் பாருங்கள். உருண்டை மூக்கு வழுக்கி ஏறும் இடத்தில் தட்டை மூக்கு சேம்பர் விளிம்பில் இடிக்கும்.

12. எப்படி நிற்கிறது என்பதை வைத்து எங்கே கோளாறு என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். குண்டின் மூக்கு சேம்பருக்குக் கீழே குத்தி நின்றால்: ஃபாலோயரின் முன்புறம் தாழ்ந்திருக்கிறது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது உதடு தோட்டாவைத் தாமதமாக விடுகிறது. சேம்பருக்கு மேலே குத்தினால் உதடு சீக்கிரம் விட்டுவிடுகிறது, விரிந்திருக்கலாம். போல்ட் காலியாக மூடி, தோட்டா மேகசினிலேயே இருந்தால் மேகசின் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது, அல்லது தோட்டா மேலே வர நேரம் பிடிக்கிறது; அழுக்கைப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு தோட்டா கிளம்பினால் 3ஆம் பதில்.

காலிக்கூடு வெளியேறும் வாயிலில் நிமிர்ந்து மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மேகசினைச் சேர்ந்ததல்ல. கூட்டைப் பிடித்திழுக்கும் கொக்கி, அழுக்கடைந்த சேம்பர், விசை குறைந்த தோட்டா என்ற வரிசையில் தேடுங்கள்.

13. ஜாம் ஆனால் எந்த வரிசையில் விடுவிப்பது?

குழல்வாய் இலக்குத் திசையிலேயே இருக்கட்டும், விரல் டிரிகரை விட்டு விலகட்டும். டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குறைந்தது 30 நொடி அப்படியே காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு மேகசினைக் கழற்றுங்கள். அதன்பின்தான் போல்ட்டைத் திறப்பது. மேகசினை விட்டுவிட்டு போல்ட்டை முன்பின் ஆட்டினால், மாட்டிய தோட்டாவுக்குப் பின்னால் இன்னொன்று வந்து சேரும்.

மாட்டியதை எடுக்க மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் குச்சி. ஸ்க்ரூடிரைவரால் விளிம்பை நெம்புவது ஆபத்து. காரணம் 5ஆம் பதிலில். மூக்கு வளைந்த, கூட்டில் பள்ளம் விழுந்த, குண்டு ஆடும் தோட்டாக்களை மீண்டும் மேகசினில் போடக் கூடாது. அவற்றுக்கெனச் சுடுதளத்தில் இருக்கும் பெட்டியில் போடுங்கள்.

14. மேகசினுக்கு எண்ணெய் போடலாமா?

வேண்டாம். எரியாத மருந்துத் துகளும் மெழுகும் ஈயத் தூளும் எண்ணெயோடு சேர்ந்தால் பசையாகும். எண்ணெய் தோட்டாவின் விளிம்புக்குள் ஊறினால் தீமூட்டும் மருந்தும் கெடலாம். பழைய பல் துலக்கும் பிரஷ், உலர்ந்த துணி, அவ்வளவே போதும். பிசுக்கு அதிகமென்றால் பிளாஸ்டிக்கைத் தின்னாத கரைப்பானால் துடைத்து, முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள். எஃகு ஸ்பிரிங் துருப்பிடிக்கும் ஈரமான இடமென்றால் எண்ணெய் தொட்ட துணியால் ஸ்பிரிங்கை மட்டும் ஒரு முறை நீவி, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்துவிடுங்கள்.

நிரப்பும் விரலிலும் ஈயம் ஒட்டும். சோப்பு போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

15. சுழல் மேகசினைப் பிரித்தேன். மறுபடி மாட்டியதும் கடைசி இரண்டு தோட்டா ஏற மறுக்கிறது.

ஸ்பிரிங்கின் முறுக்கு குறைந்துவிட்டது. இந்த வகையில் ஒரு நட்டைச் சுற்றி ஸ்பிரிங்குக்கு முன்முறுக்கு தர வேண்டும். குறைந்தால் கடைசித் தோட்டாக்களைத் தூக்க விசை இருக்காது. கூடினால் நிரப்பவே கடினம். உங்கள் மாதிரிக்கு எத்தனை சுற்று என்று தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். அந்த அளவையே கொடுங்கள். இனி பிரிக்கும்போது பூட்டை விடுவிப்பதற்கு முன் நட்டில் ஒரு கோடு போட்டு, அது தளரும்போது எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். உதிரிகள் எந்த வரிசையில் வந்தன என்று ஒரு படம் எடுத்து வைப்பதும் உதவும்.

16. .22 மேக்னம், .17 எச்.எம்.ஆர்., .22 ஷார்ட் எல்லாவற்றுக்கும் ஒரே மேகசின் ஆகுமா?

.22 மேக்னம் 34 மி.மீ. நீளம், கூடும் பருமன் அதிகம், எல்.ஆர். மேகசினில் நுழையாது. 2002இல் வந்த .17 எச்.எம்.ஆர்., மேக்னத்தின் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கிச் செய்தது. அதனால் பல ரைஃபிள்களில் இந்த இரண்டுக்கும் ஒரே மேகசின். .22 ஷார்ட் குட்டையானது என்பதால் எல்.ஆர். பெட்டி மேகசினில் ஒழுங்காக ஏறாது. அதற்கென்று குறிப்பிட்டுள்ள குழாய் மேகசின் ரைஃபிள்களில் ஓடும். மேகசினில் நுழைகிறது என்பதற்காக எதையும் சுட வேண்டாம். குழலில் எந்தப் பெயர் பொறித்திருக்கிறதோ அந்தத் தோட்டா மட்டும்தான்.

17. போட்டிக்குப் போகிறவர்கள் எந்த மேகசினை வைத்துக்கொள்கிறார்கள்?

ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிளில் மேகசினே இல்லை. ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட வேண்டும். மேகசின் ரைஃபிளில் அப்படிப் பழக விரும்புகிறவர்கள் மேகசின் இருக்கும் இடத்தில் ஒற்றைத் தோட்டாத் தட்டு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். தோட்டா நேராகச் சேம்பருக்குள் வழுக்கும், ஈய மூக்கும் உரசாது. துல்லியச் சோதனைக்கும் இது நல்லது: மேகசினில் போட்டும் தட்டில் போட்டும் சுட்டு, குழுக்களின் (இலக்கில் சேர்ந்து விழுந்த துளைகளின்) அளவை ஒப்பிடுங்கள். மேகசினில் மட்டும் குழு விரிந்தால், ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்து அதன் மூக்கைப் பாருங்கள். கீறல் இருக்கும் இடம் எந்த ஓரம் உரசுகிறது என்று காட்டிவிடும்.

பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பயத்லானில் ஐந்து இலக்கு, ஐந்து தோட்டா மேகசின். தொடர் ஓட்டப் போட்டியில் கூடுதலாகத் தரப்படும் மூன்று தோட்டாக்களைக் கையால்தான் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். குளிரில் விறைத்த விரலால் மேகசினைப் பார்க்காமலே மாற்றுவது அங்கே தனிப் பயிற்சி.

18. உதடு கொஞ்சம் விரிந்திருக்கிறது. குறடால் வளைத்துச் சரிசெய்யலாமா?

பிளாஸ்டிக் உதடென்றால் முடியாது, மாற்றுங்கள். எஃகு உதடென்றால் முடியும், ஆனால் நன்றாக ஓடும் இன்னொரு மேகசின் பக்கத்தில் இருக்க வேண்டும். அதன் உதட்டு இடைவெளியை காலிப்பரால் (நுண்ணளவு பார்க்கும் கருவியால்) மூன்று இடங்களில், முன், நடு, பின், அளந்து எழுதுங்கள். கோளாறானதையும் அதே இடங்களில் அளங்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும், துணி சுற்றிய குறடால், மிகச் சிறிதாக வளைத்து மறுபடி அளங்கள். ஒரே இடத்தை முன்னும் பின்னும் வளைத்தால் எஃகு களைத்து வெடிப்பு விடும். இரண்டு முறைக்குள் சரியாகவில்லை என்றால் அந்த மேகசினை ஒதுக்குங்கள். சரியானது என்றால் 6ஆம் பதிலில் சொன்னபடி ஒரு தோட்டாவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய கணக்கு செல்லாது.